மடிக்கும் சைக்கிள் எங்கள் வீதிக்குத் தாங்குமா?

கிளிநொச்சி புகையிரத நிலையத்தில் இறங்கி, கையில் தூக்கிவந்ததை விரித்துச் சைக்கிளாக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. வாசலில் நின்ற ஓட்டோக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கிட்ட வந்து, இது பிள்ளைகள் ஓடுகிற சைக்கிளா என்று கேட்டார். இல்லை அண்ணை, லண்டனிலிருந்து வந்த மச்சான் விட்டுவிட்டுப் போனது என்றேன். அவர் சீற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார், முன் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, இது எங்கட றோட்டுக்குத் தாங்குமா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால் அதே வழியை இரண்டு தடவை ஓடிப் பார்த்தேன். ஒரு தடவை 20 அங்குலச் சக்கரம் கொண்ட அந்த மடிக்கும் சைக்கிளில். அடுத்த கிழமை, மாமா வீட்டில் நிற்கும் 28 அங்குலப் பழைய சைக்கிளில். வழி, கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் பரந்தன், அங்கிருந்து முல்லைத்தீவு வீதியால் விசுவமடு, பிறகு உள்ளே ஒரு கிரவல் ஒழுங்கை. எல்லாமாக இருபது கிலோமீற்றருக்கு மேல்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. அடுத்த நாளே அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்றே பங்கீடு தொடங்கியது. கொழும்பில் அலுவலகம் போகிறவர்களும் சைக்கிள் தேடினார்கள். பழைய ஜப்பான் சைக்கிள்கள், சிறிய சக்கரச் சைக்கிள்கள், மடிக்கும் சைக்கிள்கள் என்று கிடைத்ததை வாங்கினார்கள்.

வடக்கில் எங்களுக்கு அந்த வரிசை புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் வாழ்ந்த சமூகம் இது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தபோதும் சைக்கிளை ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய அந்த இரவில், வீட்டுச் சாமான்களில் பாதி சைக்கிள் கரியரில்தான் இருந்தது. 2009இல் நான் இப்போது ஓடிய இதே பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்த சனம் உருட்டிக்கொண்டு போனதும் சைக்கிளைத்தான். போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் மணலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எனவே, அடுத்த தட்டுப்பாடு வந்தால் எந்தச் சைக்கிள் எங்களைத் தூக்கிப் போகும் என்ற கேள்வியைப் பொழுதுபோக்குக் கேள்வியாக நான் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்க வழியில்லாத பெண் தலைமைக் குடும்பங்கள், தூரத்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், காலை இழந்தவர்கள் ஆகியோருக்கு இது இன்றைய கேள்வியும்கூட.

எண்ணெய்த் தட்டுப்பாட்டில் பிறந்த சிறிய சக்கரம்

சிறிய சக்கரச் சைக்கிளின் கதையும் எரிபொருள் வரிசையில்தான் தொடங்குகிறது. 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு வந்தது. அப்போது அலெக்ஸ் மோல்ற்றன் என்ற பொறியியலாளர் சைக்கிளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். மினி காருக்கு இறப்பரால் அதிர்வுதாங்கி செய்தவர் அவர். சைக்கிளின் சக்கரத்தைச் சிறிதாக்கினால் அது குலுக்கும், ஆகவே அதற்கும் அதிர்வுதாங்கி வேண்டும் என்பதே அவரது கணக்கு. 1962இல் அவரது சைக்கிள் சந்தைக்கு வந்தது. சிறிய சக்கரம் என்றால் மெதுவான சக்கரம் என்ற நம்பிக்கையை அது உடைத்தது.

அடுத்தது 1973இன் எண்ணெய் நெருக்கடி. அமெரிக்காவில் பெற்றோல் வரிசைகளைக் கண்ட டேவிட் ஹொன் என்ற பௌதிகவியலாளர் மடிக்கும் சைக்கிளில் இறங்கினார். டாஹொன் நிறுவனம் 1982இல் உருவானது. இதே காலத்தில் லண்டனில் அன்ட்ரூ றிற்ச்சி 1975இல் தன் அறையில் வைத்து வரையத் தொடங்கியதுதான் இன்று லண்டன் ரயில்களில் காணும் புறொம்ரன். 16 அங்குலச் சக்கரம், 12 கிலோவுக்கு அண்மித்த நிறை, மடித்தால் ஒரு பெரிய பயணப்பை அளவு.

இந்தச் சைக்கிள்கள் பிறந்த இடத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் ரயில் ஓடும், தார் வீதி சீராக இருக்கும் நகரங்கள் அவை. வீட்டிலிருந்து நிலையத்துக்கு 2 கிலோமீற்றர், நிலையத்திலிருந்து வேலைத்தலத்துக்கு 3 கிலோமீற்றர். அந்த இரண்டு துண்டுகளை இணைக்கத்தான் மடிப்பு. எங்கள் பழைய சைக்கிளோ வீட்டு வாசலிலிருந்து போகவேண்டிய இடம்வரை தானே முழு வழியையும் ஓடுவதற்குச் செய்யப்பட்டது.

காப்பெற் வீதியில்

கிளிநொச்சியிலிருந்து பரந்தன்வரை ஏ-9இல் மடிக்கும் சைக்கிள் என்னை ஏமாற்றவில்லை. மிதித்தவுடன் பாய்கிறது. சிறிய சக்கரம் பாரம் குறைந்தது, அதைச் சுழற்றி வேகமெடுக்கச் சக்தி குறைவாகத் தேவை. சந்தியில் நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு இது சுகம்.

சிறிய சக்கரம் என்றால் கூட மிதிக்கவேண்டும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் என்பதைச் சக்கரமும் பற்சில்லுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 28 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் சுமார் 2.2 மீற்றர். முன்னே 48 பல்லும் பின்னே 18 பல்லும் இருந்தால் ஒரு முழு மிதிக்கு ஏறத்தாழ 5.9 மீற்றர் போகலாம். 20 அங்குலச் சக்கரத்தின் சுற்று சுமார் 1.5 மீற்றர்தான். ஆனால் முன்னே 52, பின்னே 14 பல் வைத்தால் ஒரு மிதிக்கு 5.6 மீற்றர் கிடைக்கிறது. வித்தியாசம் கால் உணராத அளவு. கால் ஒரே அளவுதான் சுழல்கிறது, சக்கரம்தான் அதிகம் சுழல்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு 28 அங்குலம் ஏறத்தாழ 455 தடவை சுழலும்போது 20 அங்குலம் 670 தடவைக்குக் கிட்டச் சுழல்கிறது. ரயர் சீக்கிரம் தேயும் என்பது இதன் விலை.

வேறுபாடு ஹாண்டிலில்தான் தெரிந்தது. பழைய சைக்கிளில் ஒரு கையை விட்டு வியர்வை துடைக்கலாம், திரும்பிப் பார்த்துக் கதைக்கலாம். மடிக்கும் சைக்கிளில் தலையைத் திருப்பினாலே சக்கரமும் சற்றுத் திரும்புகிறது.

சைக்கிளின் முன் கவடு சாய்ந்திருப்பதால், அதன் திரும்பும் அச்சு நிலத்தைத் தொடும் இடம் ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ரயர் அந்த அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் ஹாண்டில் தானாக நேராகிறது. அதே சாய்வில் சக்கரத்தைச் சிறிதாக்கினால் அந்த இடைவெளி குறைகிறது, நேராக்கும் இழுவையும் குறைகிறது. சுழலும் சக்கரத்தின் பாரம் தரும் உறுதியும் சிறிய சக்கரத்தில் குறைவு. நல்ல தயாரிப்பாளர்கள் கவட்டின் சாய்வை மாற்றி இதை ஓரளவு ஈடுசெய்கிறார்கள். ஆனால் நீண்டு உயர்ந்த ஹாண்டில் தண்டும் சீற் தண்டும் மெல்ல வளைந்துகொடுப்பதை முழுதாக நிறுத்த முடியாது. எழுந்து நின்று மிதித்தால் அந்த நெளிவு கைக்குத் தெரிகிறது.

இரண்டு மூன்று நாள் ஓடினால் கை பழகிவிடும். ஆனால் ஏ-9இல் கொழும்பு பஸ் பக்கத்தால் உரசிப் போகும்போது அந்தக் காற்று இழுப்பில் பழைய சைக்கிள் ஒரு சாண் அசைந்தால் இது இரண்டு சாண் அசைகிறது. வீதி ஓரத்தில் சைக்கிளுக்கென்று இடம் ஒதுக்காத நாட்டில் இது சின்ன விடயமல்ல.

ஒன்றில் புதியது தெளிவாக முந்தியது. அது பிறேக். பழைய சைக்கிளின் கம்பி பிறேக், மழையில் நனைந்த இரும்பு வளையத்தைப் பிடிக்காது என்பது மாரியில் ஓடிய எல்லோருக்கும் தெரியும். மடிக்கும் சைக்கிளின் அலுமினிய வளையத்தில் பிறேக் நன்றாகப் பிடித்தது.

கிரவலில்

பரந்தனுக்குக் கிழக்கே வெளி. சோழகக் காற்று முதுகில் தள்ளியதால் போகும்போது இரண்டு சைக்கிளும் ஒன்றுபோலவே பறந்தன. திரும்பும்போது இரண்டும் ஒன்றுபோலவே திணறின. காற்றை எதிர்ப்பது நிமிர்ந்து இருக்கும் எங்கள் உடம்பு, இதில் சக்கர அளவுக்குப் பங்கு குறைவு.

விசுவமடுவில் வீதியை விட்டு உள்ளே இறங்கியதும் கதை மாறியது. கிரவல் ஒழுங்கை, மழை அறுத்த குழிகள், உழவு இயந்திரம் போன தடம். பெரிய சக்கரம் குழியின் மேலால் போய்விடும், சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 5 சென்ரிமீற்றர் உயரமான ஒரு கல்லில் மோதும்போது 28 அங்குலச் சக்கரம் ஏறவேண்டிய சாய்வு சுமார் 31 பாகை. 20 அங்குலச் சக்கரத்துக்கு அது 37 பாகை. 16 அங்குலத்துக்கு 41 பாகை. ஆறு பாகைதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கல்லில் ஏற 20 அங்குலச் சக்கரத்தைக் கால்பங்கு கூடுதல் விசையோடு தள்ளவேண்டும். அதுவும் ஒரு கல்லுக்கு. ஒழுங்கை முழுக்கக் கல். அந்த அடி மணிக்கட்டுக்கும் நாரிக்கும் வந்து சேர்கிறது.

மணல் இன்னும் மோசம். சக்கரம் புதைந்தவுடன் ஹாண்டில் கையைவிட்டுத் திரும்புகிறது. நான் மூன்று இடத்தில் இறங்கி உருட்டினேன். அடுத்த கிழமை பழைய சைக்கிளில் ஒரே இடத்தில்தான் இறங்கினேன்.

பாரமும் ஒரு விடயம். மடிக்கும் சைக்கிள்களுக்கு எல்லை குறித்திருப்பார்கள். புறொம்ரனுக்கு ஓடுபவரும் பொதியும் சேர்ந்து 110 கிலோ. 70 கிலோ மனிதர் ஓடினால் மிஞ்சுவது 40 கிலோ. அரை மூடை அரிசியோடு முடிந்தது. எங்கள் சைக்கிளில் நெல் மூடை, விறகு, தண்ணீர்க் கான், முன் பாரில் பிள்ளை, பின் கரியரில் மனைவி என்று குடும்பமே போனது. அது யாரும் குறித்துக்கொடுத்த எல்லைக்குள் நடந்ததல்ல, வேறு வழியில்லாமல் நடந்தது. ஆனாலும் அந்த இரும்பு தாங்கியது. நடுவில் இணைப்புப் பூட்டு உள்ள சைக்கிளில் அந்தத் துணிச்சல் கூடாது.

மாமாவின் பரிசோதனை

நான் போன வீடு மாமா வீடு. 2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலோடு தோட்டம் செய்கிறார். அவரது 28 அங்குலச் சைக்கிளில்தான் நான் இரண்டாம் தடவை ஓடினேன். அவர் அதை ஓடுவது குறைவு. காரணம், ஓட்டமல்ல, ஏறுவதுதான். இடது காலைப் பெடலில் ஊன்றி வலது காலைப் பின்னால் வீசி ஏறுவதே எங்கள் பழக்கம். அவருக்கு ஊன்றும் கால் அந்த இடது கால்.

மடிக்கும் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தியதும் அவர் அதன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. நடுவில் பார் இல்லாததைத்தான் பார்த்தார். காலை வீசாமல், நடுவாலே கடந்து, நின்றபடியே சீற்றில் இருந்தார். சீற்றைப் பதித்துவிட்டால் இரண்டு காலும் நிலத்தில். முற்றத்தைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடினார். மாமி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அவர் ஒழுங்கைக்கு இறக்கினார். இருபது யாருக்குள் சக்கரம் மணலில் திரும்பியது. பெடலில் இருந்து செயற்கைக் கால் வழுக்கியது. விழவில்லை, ஊன்றிக்கொண்டார். இறங்கி உருட்டிக்கொண்டு வந்து, இது பாதி நல்லது தம்பி என்றார்.

பத்திரிகைக்காரனாக நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். மடிக்கும் சைக்கிள் என்பது மூன்று குணங்களின் கூட்டு. தாழ்ந்த சட்டம், சிறிய சக்கரம், மடிப்பு. இந்த மூன்றும் ஒருவருக்கே தேவைப்படுவது அரிது. மாமாவுக்குத் தேவை தாழ்ந்த சட்டம் மட்டும். அதை 26 அங்குலப் பெரிய சக்கரத்தோடு, பெண்கள் சைக்கிள் என்று நாம் பெயர் வைத்த வண்டியிலேயே பெறலாம். அந்தப் பெயருக்காகவே அதைத் தொடாமல் இருக்கும் ஆண்கள் எத்தனை பேர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்? வாழ்வாதார உதவி என்று சைக்கிள் கொடுக்கும் அமைப்புகளும், புலம்பெயர்ந்த உறவுகளும், காலில் பாதிப்புள்ளவருக்குப் பார் வைத்த சைக்கிளைக் கொடுத்துப் படம் எடுப்பதற்கு முன் அவரை ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லலாம்.

வாங்குவதானால்

மடிப்பு உண்மையில் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வேலைக்குப் போகிறவர், கொழும்பில் அறையெடுத்துப் படிக்கும் பிள்ளை, விடுமுறைக்கு வந்து ஊர்களைச் சுற்றிப் பார்க்க நினைக்கும் உறவினர். இவர்களுக்குச் சில விடயங்கள்.

ரயரின் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு. 406 என்று முடிந்தால் பிள்ளைகள் சைக்கிளுக்குப் போடும் ரயரும் ரியூப்பும் பெரும்பாலும் பொருந்தும், ஊர்க் கடையிலேயே வாங்கலாம். 451 என்றால் தேடி அலையவேண்டும். 16 அங்குலத்திலும் 305, 349 என்று இரண்டு உண்டு. புறொம்ரன் 349. வெளிநாட்டில் இருந்து கொண்டுவருகிறவர்கள் இரண்டு ரயரையும் நான்கு ரியூப்பையும் சேர்த்துக் கொண்டுவருவது நல்லது.

அகலமான ரயராகப் பாருங்கள். எங்கள் வீதியில் மெல்லிய ரயரை இறுக்கக் காற்றடித்து ஓடினால் சிறிய சக்கரத்தின் குலுக்கம் இரட்டிப்பாகும். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள், நடுப்பூட்டை இறுக்கிவிட்டு முன் பிறேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பூட்டில் ஆட்டமோ, ஹாண்டில் தண்டின் அடியில் மயிர்க்கோடு போன்ற வெடிப்போ இருந்தால் விலை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். ஓடும்போது அது விட்டால் விழுவது முகம்குப்புற. ஹாண்டிலில் பை தொங்கவிடும் பழக்கத்தையும் இதில் கைவிடவேண்டும். லேசான ஹாண்டிலைப் பை ஆட்டும்.

சைக்கிளின் மறுபாதி

திரும்பிப் போகும்போது கிளிநொச்சி நிலையத்தில் அதே ஓட்டோக்காரர் நின்றார். காப்பெற்றுக்குத் தாங்கும் அண்ணை, ஒழுங்கைக்குத் தாங்காது என்றேன். அப்ப எங்களுக்குப் பயமில்லை என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் ஒரு உண்மை இருக்கிறது. மடிக்கும் சைக்கிள் தனியே ஒரு முழு வாகனம் அல்ல. அதன் மறுபாதி ரயிலும் பஸ்ஸும் வீதியும்தான். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நாங்கள் கொண்டாடினோம். ஆனால் நிலையத்தில் இறங்கியபின் எப்படி வீடு போவது என்ற கேள்வி அப்படியே நின்றது. முல்லைத்தீவு மாவட்டத்து மக்களுக்குத் தங்கள் நகரத்தில் நிலையமே இல்லை. மாங்குளத்தில் இறங்கினால் முல்லைத்தீவுக்கு இன்னும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை எந்தச் சைக்கிளும் தினம் தினம் தீர்க்காது. அதற்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பஸ்.

ஆனால் நிலையத்திலிருந்து 5, 10 கிலோமீற்றர் வட்டத்துக்குள் வாழ்கிறவர்களுக்குச் செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. கொடிகாமம், கிளிநொச்சி, மாங்குளம் போன்ற நிலையங்களில் கூரையோடு, காவலோடு சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும். அது இருந்தால் பலருக்கு மடிக்கும் சைக்கிளே தேவைப்படாது, வீட்டில் இருக்கும் பெரிய சைக்கிளைப் பயமில்லாமல் விட்டுவிட்டுப் போகலாம். மடித்த சைக்கிளைக் கைப்பொதியாக ஏற்றலாம் என்று ரயிலிலும் பஸ்ஸிலும் எழுதி ஒட்டினால் நடத்துநரோடு வாக்குவாதம் இல்லை. ஏ-9இன் ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு கோடு கீறி, அதை வாகனத் தரிப்பிடமாக்காமல் காப்பாற்றினால் லேசான ஹாண்டிலும் பாரமான ஹாண்டிலும் உயிரோடு வீடு சேரும். உள் ஒழுங்கைகள் தேர்தலுக்குத் தேர்தல் கொட்டப்படும் கிரவலாக இல்லாமல் சீராக இருந்தால் சக்கரத்தின் அளவு பற்றி இவ்வளவு எழுதவேண்டியும் வராது.

கியூ.ஆர். முறை 2023 செப்ரெம்பரில் முடிவுக்கு வந்தது. சைக்கிள்கள் மீண்டும் கொட்டிலுக்குப் போயின. ஒரு தட்டுப்பாட்டில் இருந்து பிரித்தானியாவும் அமெரிக்காவும் புதிய சைக்கிள்களையாவது பெற்றன. எங்கள் பங்குக்கு நாங்கள் இரண்டு தட்டுப்பாடுகளைத் தாண்டியிருக்கிறோம். ஒன்று தடையால் வந்தது, மற்றது கடனால் வந்தது. இரண்டிலும் எங்களைத் தூக்கியது அந்தப் பழைய இரும்புதான்.

மச்சானுக்கு வைபரில் சொன்னேன், அடுத்தமுறை வரும்போது மடிக்கும் சைக்கிள் வேண்டாம், மாமாவுக்குத் தாழ்ந்த சட்டத்தோடு 26 அங்குலச் சைக்கிள் ஒன்றை இங்கேயே வாங்க உதவு என்று. அவர் விட்டுச் சென்றது இப்போது என்னோடுதான் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ரயிலில் போய்வருகிறது. விசுவமடுவுக்குப் போவதென்றால் மாமாவின் சைக்கிளுக்குக் காற்றடித்து வைக்கச் சொல்லிவிடுகிறேன்.